‘ஆம்’ சேர்க்காத செண்பகவல்லி

“மூணு நிமிஷம் ஆச்சு. எக்ஸ்டெண்ட் பண்ணணுமா?”

இதைச் செண்பகவல்லி டெலிபோனில் கேட்டால் யாருக்கும் ஆச்சரியமில்லை. அவள் வேலையே அதுதான். பழவங்காடிப் பிள்ளையார் கோவில் வாசலில் தேங்காய் விற்கிறவரிடமும் கேட்பாள். அவர் தேங்காய் விலை ஏறிய கதையை ஆதியோடந்தமாகச் சொல்லிக்கொண்டிருப்பார், நடுவில் இவள் கேட்பாள். பஸ்ஸில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து மருமகளைப் பற்றிக் குறைசொல்லிக்கொண்டே வரும் அம்மாளிடம் கேட்பாள். என்னிடமும் கேட்டிருக்கிறாள். நான் அப்போது அவளுக்கு அணியிலக்கணம் நடத்திக்கொண்டிருந்தேன். நன்றாகத்தான் நடத்துகிறேன் என்று எனக்கு நினைப்பு. “சாரே, மூணு நிமிஷம் ஆச்சு” என்றாள். கேலி என்றும் எடுத்துக்கொள்ள முடியாது. முகத்தில் சிரிப்பே இருக்காது. வேண்டுமானால் பேசு, வேண்டாமென்றால் நிறுத்து, எனக்கு இரண்டும் ஒன்றுதான் என்கிற முகம்.

எழுபதுகளின் தொடக்கத்தில் அவள் திருவனந்தபுரம் டிரங்க் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர். என் மனைவி ஜெயலக்ஷ்மிக்கு அவளுக்கு அடுத்த நாற்காலி. இன்றைக்கு எண்களைச் சுழற்றினால் மதுரையே மறுமுனையில் ‘ஹலோ’ என்கிறது. அன்றைக்கு டிரங்க் கால் பதிவு செய்துவிட்டுக் குளித்து, சாப்பிட்டு, ஒரு தூக்கமும் போட்டுவிட்டு வந்து உட்காரலாம். அப்புறம்தான் மணி அடிக்கும். பேசக் கிடைப்பது மூன்று நிமிஷம். அதற்காகச் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு தபாலாபீசில் வந்து காத்திருந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். டெலிபோனில் சட்டை தெரியாது என்று அவர்களுக்கும் தெரியும். எனக்கு அந்தக் காலம் ரொம்பப் பிடித்திருந்தது. அவ்வளவு நேரம் காத்திருந்து பேசியதால் யாரும் வளவளவென்று பேசவில்லை, ஆரியசாலை மொத்த வியாபாரிகளைத் தவிர.

ஆள் ஒல்லி, நெடுநெடுவென்று உயரம். வருஷக்கணக்காக ஹெட்செட் மாட்டிக்கொண்டதில் தலை கொஞ்சம் இடதுபக்கம் சாய்ந்தே இருக்கும். கடைத்தெருவில் நடக்கும்போதும் யாரோ காதில் ஏதோ சொல்ல, அதைக் கேட்டுக்கொண்டே போகிறாள் என்று தோன்றும். குரல் கெடாமலிருக்க நாக்கடியில் எப்போதும் ஒரு கிராம்பு. அவள் வந்து போன பிறகும் எங்கள் கரமனை வீட்டுக் கூடத்தில் கிராம்பு வாசனை சற்று நேரம் இருக்கும்.

அவள் வீடு ஆரியசாலையில் ஒரு சந்துக்குள். அண்ணன் சிவதாணு அங்கே மிளகாய் வற்றல் மொத்தக் கடையில் கணக்குப்பிள்ளை. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த குடும்பம். பெற்றவர்கள் போய்விட்டார்கள். சிவதாணுவின் மனைவியும் கல்யாணமான மறுவருஷமே போய்ச் சேர்ந்தாள். அப்புறம் அண்ணனும் தங்கையும்தான். அவளுக்கு முப்பத்தைந்து தாண்டியிருந்தது. பி.ஏ. தமிழ் இலக்கியம் பிரைவேட்டாகக் கட்டியிருந்தாள். எனக்கு வேலை ஏஜீஸ் ஆபீசில் என்றாலும் கையில் ஒரு தமிழ் எம்.ஏ. உண்டு, அவ்வப்போது பத்திரிகையில் கதையும் எழுதுகிறவன். அதனால் ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ் ஏறி எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவாள். உவமை, உருவகம், எதுகை, மோனை, கதைக்கரு, கதைப்பின்னல் என்று கலைச்சொல் ஒவ்வொன்றையும் நான் விளக்குவேன். அவள் அதைக் கொண்டுபோய் டெலிபோனில் மாட்டிவிடுவாள்.

சிறுகதைக்கு எடுப்பு, தொடுப்பு, முடிப்பு என்று மூன்று உறுப்பு என்றேன் ஒருநாள். உடனே பெருமூச்சு விட்டாள்.

“தொடுப்பு மட்டும் நமக்குக் கெடைக்காது சாரே. கனெக்ஷன் குடுக்கையில எடுப்பு காதுல விழும். மூணாவது நிமிஷம் உள்ள போகையில முடிப்பு விழும். நடுவுல நாம வெளிய நிக்கணும், கேக்கக் கூடாது. நேத்து ஒரு கால், ‘சாப்டியா?’ன்னு ஆரம்பிச்சுது. முடியும்போது, ‘அப்ப அந்த மாட்டை யாரு பாத்துக்கிடுவா?’ன்னு நிக்கி. ஊடால என்ன நடந்திருக்கும்னு நெனச்சு நெனச்சு எனக்குச் சோறு எறங்கல.”

ஜெயலக்ஷ்மி காபி கொண்டுவந்து வைத்துவிட்டு, “மாடு என்னாச்சோன்னு இப்போ எனக்கும் இருக்கு” என்றாள்.

செண்பகவல்லியுடைய பெரிய இலக்கியச் சாதனை என்று ஒன்று உண்டு. அது நடந்தது என் செலவில். எக்ஸ்சேஞ்ச் மனமகிழ் மன்றத்தில் ‘செறுகதா நிரூபண மத்ஸரம்’ என்று மலையாளத்தில் நோட்டீஸ் ஒட்டினார்கள். சிறுகதை விமரிசனப் போட்டி என்று அர்த்தம்; மலையாளத்தில் நிரூபணம் என்றால் விமரிசனம். நமக்கோ அது சாட்சி வைத்து மெய்ப்பிப்பது. செண்பகவல்லி என் கதை ஒன்றை எடுத்துக்கொண்டாள். கதாநாயகன் கிழக்குக்கோட்டையில் கடைசி பஸ்ஸைப் பிடித்து அழுதுகொண்டே கரமனைக்குப் போகிறான் என்று உருகி உருகி எழுதியிருந்தேன். இவள் பஸ் டிப்போவில் போய் விசாரித்து, அந்த நேரத்துக்குக் கரமனைக்கு பஸ்ஸே கிடையாது, ஆகவே கதை நிரூபணம் ஆகவில்லை என்று நாலு பக்கம் எழுதிக் கொடுத்துவிட்டாள். நடுவர்கள் விழுந்து விழுந்து சிரித்து ஆறுதல் பரிசாக ஒரு எவர்சில்வர் டம்ளர் கொடுத்தார்கள். “நீங்க நடந்து போனதா எழுதியிருந்தா பாஸ் ஆயிருக்கும் சாரே” என்றாள் என்னிடம். எனக்கு ஒரு வாரம் கோபம். ஆனால் அடுத்த கதையில் கதாநாயகனை நடக்கத்தான் விட்டேன்.

சொன்னது சொன்னபடி இருக்கவேண்டும் என்பது அவளுக்கு ரத்தத்தில் ஊறிய விஷயம். மழைக்காலத்தில் லைன் கரகரக்கும். பேசுகிறவர்களுக்கு ஒருவர் குரல் மற்றவருக்குக் கேட்காது, இரண்டு பக்கத்து ஆபரேட்டர்களுக்கு மட்டும் அரைகுறையாகக் கேட்கும். அப்போது இவர் சொல்வதை வாங்கி அந்த ஆபரேட்டரிடம் சொல்ல வேண்டும், அவர் அதை அந்தப் பக்கத்துப் பார்ட்டியிடம் சொல்வார். சூப்பர்வைசர் சரசம்மா இதற்கு ஒரு சட்டம் வைத்திருந்தாள். “பார்ட்டி பறஞ்ஞது பறஞ்ஞபோலெ. ஒண்ணும் கூட்டண்டா, ஒண்ணும் குறைக்கண்டா.” மற்ற பெண்கள் ‘வரமாட்டாராம்’, ‘கேட்கிறாராம்’ என்று சொல்லித் தப்பித்துக்கொள்வார்கள். செண்பகவல்லி மாட்டாள். பார்ட்டி ‘நான்’ என்றால் இவளும் ‘நான்’ என்பாள்.

“நேர்கூற்றுன்னா அதுதானே சாரே? ‘ஆம்’ சேத்தா அது அயற்கூற்று. நம்மளோட சந்தேகம் அதுல ஒட்டிக்கிடும். பார்ட்டி காசு குடுக்கது அவரு சொன்னதுக்கு. நம்ம சந்தேகத்துக்கு இல்ல.”

இதனால் நடந்த கூத்து கொஞ்சமல்ல. கண்ணியமான ஆரியசாலை வியாபாரி ஒருவருடைய வாயாக, “லோடு நாளைக்கு வரலைன்னா நான் வந்து ஒன் கடை வாசல்ல படுப்பேன்” என்று ஹால் முழுக்கக் கேட்க முழங்கியிருக்கிறாள். ஒருநாள் வேல்சாமி என்று ஒரு கொத்தனார். ஊரில் மனைவியோடு சண்டை போட்டுவிட்டு இங்கே கட்டட வேலைக்கு வந்தவன். லைன் கரகரத்தது. செண்பகவல்லி நிமிர்ந்து உட்கார்ந்து, திருநெல்வேலி ஆபரேட்டரிடம், “நான் உன்னைய நெனைக்காத நாளே கெடையாது. கோவத்துல சொன்னத மனசுல வச்சுக்கிடாத” என்றாள், ஒரு எழுத்துக் கூட்டாமல், குறைக்காமல். வரிசையில் இருந்த பெண்கள் அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். மறுமுனையில் திருநெல்வேலி அதைத் திருப்பிச் சொல்லக் கொஞ்சம் தாமதித்தது என்று ஜெயலக்ஷ்மி சொன்னாள்.

அந்தத் திருநெல்வேலியைப் பற்றிச் சொல்லவேண்டும். ஆபரேட்டர்களுக்கு லைனில் பேர் கிடையாது. ஊர்தான் பேர். “திருநெல்வேலி, லைன் குடுங்க.” “சொல்லுங்க திருவனந்தபுரம்.” ஏழெட்டு வருஷமாக அந்த ஊருக்கு ஒரே குரல்தான். பேசுமுன் தொண்டையைச் செருமிக்கொள்ளும் குரல். நான் ஆகுபெயர் நடத்திய அன்று, ஓர் இடத்தின் பெயர் அங்கே இருக்கிறவருக்கு ஆகி வந்தால் இடவாகுபெயர், ‘ஊர் சிரித்தது’ என்பது போல என்று உதாரணம் சொன்னேன். அவள் அதை நோட்டில் எழுதிக்கொண்டாள். பிறகு, “திருநெல்வேலிக்கு நேத்து சளி” என்றாள். “அதான?” என்று கேட்டாள். அதுதான் என்றேன்.

ஒரு தடவை புயலில் கம்பங்கள் சாய்ந்து திருநெல்வேலி லைனே கிடையாது. திரும்பக் கிடைத்ததும் முதலில் வந்தது ‘சொல்லுங்க’ இல்லை. “திருவனந்தபுரம் நல்லாருக்கா?” என்று கேட்டதாம் அந்தக் குரல். “நல்லாருக்கு. திருநெல்வேலி?” என்று கேட்டாள் இவள். “இருக்கு” என்றது அது. மழை வெள்ளத்தைப் பற்றி விசாரிக்கிறார்கள் என்று ஜெயலக்ஷ்மி நினைத்துக்கொண்டிருந்தாள், பாவம்.

ஊரார் ‘நான்’ அத்தனையையும் சத்தமாகச் சொல்கிற செண்பகவல்லி, அண்ணன் முன்னால் தன்னைப் பற்றிப் பேசும்போது ‘நான்’ என்றே சொல்லமாட்டாள். அது அவளிடம் இருந்த விசித்திரம். தீபாவளிக்கு என்ன புடவை என்று அண்ணன் கேட்டால், “செண்பகத்துக்கு எதுக்கு, பழசே கெடக்கு” என்பாள். சின்ன வயசில் அம்மா அவளிடம் அப்படிப் பேசிப் பேசி வந்த பழக்கமாக இருக்கும். அவளைப் பெண் கேட்டு வந்தவர்களுக்கெல்லாம் சிவதாணுதான் பதில் சொன்னான். அவன் கெட்டவன் இல்லை. தங்கைக்கு ஜுரம் என்றால் கடையை விட்டு ஓடிவருகிறவன். அவள் வாயைத் திறந்து எதையும் கேட்காததால், அவளுக்கு எதுவும் வேண்டாம் என்று நிஜமாகவே நம்பியிருந்தான். அவள் போய்விட்டால் வீட்டில் அவனுக்கும் வேறு யாருமில்லை.

சங்கப் பாட்டுகளில் கூற்று என்றால் என்ன என்று நடத்திய ஞாயிற்றுக்கிழமை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. பாட்டை யார் பேசுகிறார்களோ அது அவர் கூற்று. தோழி கூற்று, செவிலி கூற்று, கண்டோர் கூற்று என்று அடுக்கிக்கொண்டே போனேன்.

“எல்லாரும் பேசுதாங்க. அந்தப் பொண்ணு எப்ப சாரே பேசும்?”

“அதற்கும் இருக்கிறது. தலைவி கூற்று.”

“அவ பேச ஆரம்பிச்சா மத்தவங்க லைன்ல இருப்பாங்களா, கட் பண்ணிருவாங்களா?”

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. கிராம்பை இந்தக் கன்னத்திலிருந்து அந்தக் கன்னத்துக்கு ஒதுக்கிக்கொண்டு புத்தகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்த ஐப்பசியில்தான் திருநெல்வேலியிலிருந்து பிச்சைக்கனி என்று ஒரு பெரியவர் சிவதாணுவைத் தேடிக் கடைக்கு வந்தார். தன் தங்கை மகன், பெயர் ஆறுமுகநயினார், டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை, குடும்பப் பொறுப்புகளை முடிக்கவே வயசு நாற்பதாகிவிட்டது, ஆபீஸ் வழியாக விசாரித்துச் செண்பகவல்லியைக் கேட்டு வரச் சொன்னான் என்றார். யோசித்துச் சொல்கிறேன் என்றான் சிவதாணு. அப்படியானால் வெள்ளிக்கிழமை மத்தியானம் கடைக்கு டிரங்க் கால் போடுகிறேன், ஒரு பதில் சொல்லிவிடுங்கள் என்று பெரியவர் பஸ் ஏறிவிட்டார்.

அன்றைக்கு அண்ணன் சாப்பிடும்போது கேட்டிருக்கிறான். “செண்பகம், அவங்களுக்கு என்ன சொல்ல?”

இவள் சொன்னது: “செண்பகம் என்னத்தச் சொல்ல?”

அவன் மோர் ஊற்றிக்கொண்டு எழுந்துவிட்டான். வேண்டாம் என்று அர்த்தம் செய்துகொண்டான். செய்துகொள்ளாமல் என்ன செய்வான்.

இதை அவள் வந்து சொன்னபோது ஜெயலக்ஷ்மிக்கு வந்ததே கோபம். “அசடே, நோக்கு அவரைப் பிடிச்சிருக்கா இல்லையா? பிடிச்சிருந்தா வாயைத் தொறந்து அண்ணாகிட்ட சொல்லேன்.”

“அவ சொல்லிப் பழகலையே ஜெயம்” என்றாள் செண்பகவல்லி.

“எவ?”

 செண்பகவல்லிக்குக் கண் நிறைந்துவிட்டது. அவளுக்குப் பிடித்திருந்தது என்று எங்கள் இரண்டு பேருக்கும் அப்போது தெரிந்தது. எனக்கு அவள் மேல் ஆத்திரமும் வந்தது, அழுகையும் வந்தது. ஆயிரம் கலைச்சொல்லைச் சொல்லிக்கொடுத்து என்ன பிரயோசனம், தன்மை ஒருமை ஒன்றைச் சொல்லவைக்க முடியவில்லையே என்றிருந்தது.

பரீட்சையை அடுத்த வருஷம் எழுதினாள், தேறினாள். அது பெரிய விஷயமில்லை. இனிச் சொல்லப்போவது அந்த வெள்ளிக்கிழமை. நான் அங்கே இல்லை, பக்கத்து நாற்காலியிலிருந்த ஜெயலக்ஷ்மி சொல்லித்தான் தெரியும். முறைப்படி ஒவ்வொரு வரிக்கும் ஓர் ‘ஆம்’ சேர்க்கவேண்டும். செண்பகவல்லியை முன்னிட்டுச் சேர்க்காமல் எழுதுகிறேன்.

மத்தியானமே வானம் இருட்டி இடி இடித்துக்கொண்டிருந்தது. திருநெல்வேலி கூப்பிட்டது. ஆரியசாலைக் கடை நம்பரைச் சொல்லி, தொண்டையைச் செருமிக்கொண்டது. செண்பகவல்லி கடைக்கு இணைப்புக் கொடுத்தாள். சிவதாணு எடுத்தான். லைன் ஒரே இரைச்சல். பிச்சைக்கனி கத்துவது இங்கே கேட்கவில்லை, சிவதாணு கத்துவது அங்கே கேட்கவில்லை. வேறு வழியில்லை. ஒரு பக்கம் ஆறுமுகநயினார், ஒரு பக்கம் செண்பகவல்லி, இரண்டு பேருமாக வாங்கிச் சொல்லவேண்டியதாயிற்று.

போர்டில் இருந்த சின்னக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு செண்பகவல்லி ஆரம்பித்தாள்.

“பொண்ணு மனசு என்னன்னு தெரியணும்” என்றது திருநெல்வேலி, மாமா சொன்னது சொன்னபடி.

“பொண்ணு மனசு என்னன்னு தெரியணும்” என்றாள் அவள் அண்ணனிடம். குரலில் நடுக்கமே இல்லை.

சிவதாணுவுக்குத் தங்கை குரல் தெரியாமலில்லை. ஆனால் வேலை நேரத்தில் அவளை ஆபரேட்டர் என்று கூப்பிடுவதுதான் மரியாதை என்று வைத்திருந்தான். “அவளுக்கு இதுல இஷ்டமில்ல. அதச் சொல்லிருங்க ஆபரேட்டர்.”

செண்பகவல்லி கிராம்பைக் கன்னத்துக்கு ஒதுக்கிக்கொண்டாள். ஜெயலக்ஷ்மி தன் போர்டில் எரிந்த விளக்கைக்கூடக் கவனிக்காமல் இவளையே பார்த்தாள். சரசம்மா நடந்து வந்து நாற்காலிக்குப் பின்னால் நின்றாள்.

“அவளுக்கு இதுல இஷ்டமில்லையாம்” என்றாள் செண்பகவல்லி.

மறுமுனையில் இரைச்சல் மட்டும் கேட்டது. பிறகு செருமல்.

“திருவனந்தபுரம். அந்த ‘ஆம்’ பார்ட்டி சொன்னதா, ஆபரேட்டர் சேத்ததா?”

“நான் சேத்தது.”

“அப்பம் பொண்ணு மனசு?”

“எனக்குச் சம்மதம்” என்றாள். வேல்சாமியின் வார்த்தைகளைச் சொன்ன அதே சத்தத்தில் சொன்னாள். இந்தத் தடவையும் வரிசை முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

இந்தக் காதில் சிவதாணு கத்திக்கொண்டிருந்தான். “சொல்லியாச்சா ஆபரேட்டர்? என்ன சொன்னீங்க?”

“அண்ணே” என்றாள். லைனில் அவனை அவள் அப்படிக் கூப்பிட்டதே இல்லை. “எனக்குச் சம்மதம்னு சொன்னேன் அண்ணே. நான்தான் சொன்னேன்.”

 சிவதாணு போனைக் கீழே வைக்கவில்லை. கடைக்கு வெளியே யாரோ மூட்டை இறக்குகிற சத்தமும், மிளகாய் நெடியில் யாரோ தும்முகிற சத்தமும் வந்துகொண்டிருந்தன. திருநெல்வேலியும் காத்திருந்தது. கடிகாரம் மூன்றாவது நிமிஷத்தை முடிக்கப்போனது. சரசம்மா வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

செண்பகவல்லி கையை நீட்டிக் கடிகாரத்தை உள்ளங்கையால் மூடிக்கொண்டாள்.